இரண்டு இழுப்புக்கு நடுவே ஒரு நிமிஷம்

புனேயில் தாபோடி ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தண்டவாளத்தை ஒட்டி ஓடும் சந்தில் எங்கள் இரண்டு கடைகளும் எதிரெதிரே இருக்கின்றன. என்னுடையது வாழையிலைக் கடை. எதிரில் பவுனுடைய தேங்காய்க் கிடங்கு. இலைக்கடைக்காரனுக்குக் காலை ஒன்பது மணியோடு வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் பதினேழு வருஷமாக நான் செய்துவருவது பவுன் பேரம் பேசுவதைக் கேட்பது. அதற்கு டிக்கெட் போட்டால்கூட வாங்குவேன், கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு.

பவுனுக்கு முதல் என்று இருந்தது இரண்டு. ஒன்று காது. தேங்காயை எடுத்துக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். "இது பதினோரு மாசத்துக் காய். இது அவசரப்பட்டுப் பறிச்சது. இதுல தண்ணி வத்திட்டு, தனியா போடு." உடைத்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். மார்க்கெட் யார்டில் பெரிய பெரிய மண்டிக்காரர்கள் கூடச் சந்தேகம் வந்தால் "தாபோடி அக்காவிடம் காட்டு" என்பார்கள்.

இரண்டாவது வாய். எங்கள் திருநெல்வேலித் தமிழில் ஆரம்பித்து, நடுவில் இந்திக்குத் தாவி, மராத்தியில் கொண்டுபோய் முடிப்பாள். எதிராளி எந்த மொழியில் பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் விலை படிந்திருக்கும். அவள் கணவர் சுப்பையா கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே பழகிய பழக்கமோ என்னவோ, வீட்டில் எதையும் தட்டிப் பேச மாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் பவுனின் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. புனே மழைக்குச் சுவரெல்லாம் பாசி பிடிக்கும். கிடங்கிலோ வருஷம் முழுக்க நார்த்தூசி. ஔந்தில் ஒரு பெண் டாக்டரிடம் சுப்பையா கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்துமா என்று சொல்லி டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஒன்று பழுப்பு, நோய் தலைதூக்காமலிருக்கத் தினமும் இழுக்க வேண்டியது. இன்னொன்று நீலம், மூச்சு முட்டும்போது குழாயைத் திறந்துவிடுவதற்கு. பழுப்பை இழுத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. நீலத்தை இழுத்தால் ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு லேசாகும். பவுன் வியாபாரி. கைமேல் பலன் காட்டிய நீலத்தை வைத்துக்கொண்டாள். பழுப்பை இரண்டே மாதத்தில் பரண்மேல் போட்டாள்.

"டாக்டரம்மா கெட்டிக்காரி அண்ணாச்சி" என்று அன்றைக்கு வந்து என்னிடம் சொன்னாள். "இழுக்கதுக்கு முன்னால குலுக்கிப் பாக்கணுமாம். யாருகிட்ட வந்து சொல்லுதா பாருங்க."

மருந்து கலப்பதற்காகக் குலுக்கச் சொன்னார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான் குலுக்கச் சொன்னார்கள் என்று இரண்டு பேரும் நம்பினோம். அதிலிருந்து அவள் இன்ஹேலரையும் தேங்காயைப் போலவே காதோரம் வைத்துக் குலுக்குவாள். "இன்னும் முக்கால் இருக்கு" என்பாள். "பாதிக்குக் கீழ வந்துட்டு" என்பாள். காது அவளுடையது. நான் எதற்குச் சந்தேகப்படுகிறேன்?

ஆனால் இழுப்பதை மட்டும் யாரும் பார்க்கக்கூடாது. சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் இழுத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எலியைத் தேடிப் போனவள் மாதிரி வருவாள். அதற்குக் காரணம் உண்டு. பேரத்தின் நடுவே எவன் முதலில் தண்ணீர் கேட்கிறானோ அவன் இறங்கப் போகிறான் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீருக்கே இப்படி என்றால் மூச்சுக்கு என்ன சொல்வது. மூச்சு வாங்குகிற வியாபாரியிடம் எதிராளி விலை பேச மாட்டான். சும்மா உட்கார்ந்து காத்திருப்பான்.

போன வருஷம் அதுதான் நடந்தது. கணபதி விழாவுக்கான லோடு. ஏறு, இறங்கு என்று பேச்சு சூடு பிடித்த நேரத்தில் பவுனுக்கு இருமல் வந்தது. இருமல் நிற்பதற்குள் "சரி, எடுத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. காய் முப்பத்தொரு ரூபாய்க்குப் போயிற்று. வண்டிக்கூலி, அழுகல் எல்லாம் போக மிஞ்சியது தேங்காய் நார்தான். நஷ்டத்தைக்கூட மறந்தாள். அந்த வார்த்தையை மறக்கவில்லை.

மகள் தீபா பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து கடையை மூடச் சொன்னாள். கடைசியில் சுப்பையாவே வாயைத் திறந்தார். நானும் அப்போது இருந்தேன்.

"இந்த வருஷம் கணபதி லோடை நீயே பேசி, நீ நெனைச்ச வெலைக்கு முடி. முடிச்சுட்டேன்னா நான் கடையைப் பத்திப் பேசமாட்டேன். முடியலன்னா தீவாளிக்கு முன்னால ஷட்டரை இறக்கிருவோம்."

"முப்பதுக்கு மேல மூணு" என்றாள் பவுன். "அதுக்கு ஒரு பைசா கீழ போனாலும் சாவிய நானே உங்க கையில குடுத்துருதேன்."

"அண்ணாச்சி சாட்சி" என்றார் சுப்பையா.

நான் இலையை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன்.

*

கணபதி லோடை வாங்குகிற முகமது இஸ்மாயில் பாய் பேரம் பேச வருகிற நாள் வந்தது. நாலு நாளாக மழை விடவில்லை. காலை எட்டு மணிக்குப் பவுன் கிடங்கைத் திறந்தபோதே ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு நின்றுவிட்டாள். மீதியைச் சுமைக்காரர் ஒருவர் தூக்கினார். பதினேழு வருஷத்தில் அந்த ஷட்டரை இன்னொரு கை தொட்டு நான் பார்த்ததில்லை.

சாக்குக்குப் பின்னால் போனாள். புஸ், புஸ். வந்தாள். அரைமணி கழித்து மறுபடி போனாள். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின. எதிர்ப்பக்கம் அவள் கடைக்குப் போய் நின்றேன். அந்தப் பூனைச் சத்தம் எனக்கே கேட்டது.

"இழுத்தும் கேக்கலியா?"

தலையை ஆட்டினாள். இடுப்பிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்துக் காதோரம் குலுக்கினாள். "பாதி இருக்கு" என்றாள். மூன்று மூச்சில் வந்தது அந்த இரண்டு வார்த்தை. "பத்து நாளா... இப்பிடித்தான். இழுக்கேன்... ஒண்ணும் ஆக மாட்டேங்கு."

"ரிக்சா கூப்பிடுதேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"பாய்... வரட்டும்."

"பாய் எங்கயும் ஓடிப்போக மாட்டாரு."

"வாஷிக்காரன்..." என்று கையை மும்பைப் பக்கம் காட்டினாள். உண்மைதான். இஸ்மாயில் பாய் பன்னிரண்டாயிரம் காய்க்குக் கொட்டேஷன் கேட்டது இவளிடம் மட்டும் இல்லை, வாஷி மண்டியிலும்தான். அன்றைக்கு முடியாவிட்டால் லோடு வேறு கிடங்குக்குப் போய்விடும், சாவி சுப்பையா கைக்குப் போய்விடும். நான் சுப்பையாவுக்கு ஆறு தடவை போன் போட்டேன். அவர் ஆகுர்டியில் ஒரு கலியாணத்தில் இருந்தார். எடுக்கவில்லை.

இஸ்மாயில் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தகப்பனார் கடையநல்லூரிலிருந்து வந்து கேம்ப் பக்கம் கடை போட்டவர். பாய்க்கு வயது அறுபத்தாறு. புனே முழுக்கச் சின்னக் கடைகளுக்கும் பூஜைச் சாமான் ஸ்டால்களுக்கும் தேங்காய் இறக்குவது அவர்தான். சதுர்த்திக்குப் பத்து நாள் முன்னால் பாதி ஊர் அவர் தயவில் இருக்கும். பேச்சு அவருக்கு வெற்றிலை மாதிரி. வாயில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பல் பிடுங்கிய அன்றைக்கும் பல் டாக்டரிடம் சொத்தைப் பல்லுக்கு விலை பேசினார் என்று சொல்வார்கள்.

பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன பவுனம்மா, மழை போட்டுச் சாத்துது. பாலத்துல ட்ராபிக் ஜாம், ஒரு மணி நேரம். போன வருஷம் மாதிரி நல்ல விலைல முடிச்சுக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குக் கிளம்பிருவேன். சாய் சொல்லியாச்சா? அண்ணாச்சி, நீங்க என்ன இந்தப் பக்கம்? இலை விக்கலியா?"

பவுன் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். உதறினாள். தன் வலது கையின்மேல் போட்டு, கையை அவர் பக்கம் நீட்டினாள்.

துண்டுப் பேரம். இப்போது அனேகமாக ஒழிந்துவிட்டது. கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தக் காலத்து மண்டிகளில் கூட்டத்துக்கு விலை தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலால் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. விரல் பாதியில் அழுத்தினால் அரை. வாய் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், விலையைத் தவிர. பேசாமலும் இருக்கலாம்.

பேசாமலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோதுதான் அவள் கணக்கு புரிந்தது. மூச்சு இல்லாதவள் மூச்சே தேவைப்படாத பேரத்துக்கு ஆளைக் கூப்பிடுகிறாள். நானாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஆம்புலன்சைத் தவிர எதுவும் ஞாபகத்துக்கு வந்திருக்காது.

இஸ்மாயில் பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "அரே வா. துண்டா? எங்க வாப்பா காலத்துல பாத்தது. முப்பது வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியுமா இது?"

பவுன் புருவத்தை உயர்த்தினாள். அதற்கு மூச்சு வேண்டியதில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டார். இரண்டு சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயசுப் பெண்ணும் அறுபத்தாறு வயசு பாயும் துண்டுக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். "வேலையைப் பாருங்கய்யா" என்று நான்தான் விரட்டினேன். நானும் போகவில்லை.

உள்ளே நடந்ததை இரண்டு பேரும் பிற்பாடு தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு வியாபாரிகள் தனித்தனியாகச் சொன்ன கதை ஒத்துப்போனதை நான் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். பேச்சு முப்பதுக்கு மேலே எத்தனை என்பதுதான். பாய் ஒரு விரலைப் பிடித்தார். பவுன் அவருடைய நாலையும் சேர்த்துப் பிடித்தாள். அவர் மறுபடி ஒன்று. அவள் மறுபடி நாலு. பாயின் வாய் மட்டும் பாலத்து ட்ராபிக்கைப் பற்றியும், தன் மருமகனின் புது காரைப் பற்றியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றரைக்கு வந்தார். அவள் நாலை விடவில்லை. இரண்டுக்கு வந்தார். அங்கே நின்றார்.

பவுனின் தோள் இன்னும் உயரமாக ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கை மட்டும் அசையவில்லை.

பாயின் பேச்சு சட்டென்று நின்றது.

அந்த மனிதரின் பேச்சு நடுவில் நின்று நான் கேட்டதில்லை. துண்டைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். இடது கையை மெதுவாக ஜிப்பாப் பைக்குள் விட்டு எதையோ எடுத்துத் துண்டுக்கு அடியில் கொண்டுபோனார். லஞ்சமா, அட்வான்சா என்று எனக்கு ஓடியது. நம் புத்தி அங்கேதான் போகும்.

பவுன் குனிந்து துண்டுக்குள் பார்த்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு நீல இன்ஹேலர்.

"விரல் ஐஸ் மாதிரி இருக்கு" என்றார் அவர் தணிந்த குரலில். "இருபது வருஷமா எனக்கும் இதுதான். எனக்குத் தெரியாதா. இழுங்க."

அவள் தலையை ஆட்டினாள். இடது கையால் இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். காதோரம் குலுக்கியும் காட்டினாள். இருக்கிறது, என்னிடமே இருக்கிறது.

"அது இருக்கட்டும். முதல்ல இதை." மூடியைக் கழற்றி, குலுக்கி, வாய் வைக்கும் இடத்தைத் துண்டு முனையால் துடைத்தார். "இதுக்கு வெலை கெடையாது பவுனம்மா, பயப்படாதீங்க. மூச்ச வெளிய விடுங்க. முழுசா. இப்ப வாயில வச்சு, நான் சொல்லும்போது அமுக்கி மெதுவா இழுங்க. மெதுவா, ஸ்ட்ரால எளநி குடிக்க மாதிரி. ம். இப்பப் பிடிச்சுக்கோங்க. விடாதீங்க. பத்து எண்ணுங்க."

அவள் கண்ணை மூடித் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்தாள். நான் எண்ணினேன். எட்டில் விட்டுவிட்டாள்.

"போதும். இன்னொண்ணு உண்டு. ஆனா உடனே கூடாது. ஒரு நிமிஷம் இருக்கணும். டக்கு டக்குன்னு ரெண்டை அடிச்சா ரெண்டாவது வீணு. ஒரு நிமிஷம் சும்மா இருங்க, பேசாதீங்க."

பேசாதீங்க என்று அவளுக்குச் சொன்னாரே தவிர அவரால் முடியுமா. அவளுடைய இன்ஹேலரை வாங்கிப் பார்த்தார்.

"எப்ப வாங்குனது அண்ணாச்சி, தெரியுமா?"

"வைகாசியில" என்றேன்.

"இப்ப ஆவணி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்காங்க?"

"நான் பாத்தே ரெண்டு மூணு. இப்ப கொஞ்ச நாளா அதுக்கு மேல."

"இதுல இருநூறு தான் உண்டு. அது எப்பவோ முடிஞ்சாச்சு. இதுல இருக்கது வெறும் காத்து."

"சத்தம் கேக்குதே."

"கேக்கும். புகை மாதிரி வரவும் செய்யும். மருந்து தீந்தாலும் உந்தித் தள்ளுத வாயு உள்ள கெடக்கும். தேங்காயில்ல இது, தண்ணி இருந்தா பருப்பு இருக்கும்னு சொல்லுறதுக்கு. இதை எண்ணித்தான் பாக்கணும். நானும் ஒரு தடவை ஏமாந்து ஐசியூல படுத்தவன்தான்."

பவுன் கண்ணைத் திறந்தாள். அந்தக் கண்ணில் தெரிந்தது பயமில்லை. தன் காது தன்னை ஏமாற்றிவிட்டது என்கிற திகைப்பு. பதினேழு வருஷத்தில் யாராலும் ஏமாற்ற முடியாத காது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். வலது கை மட்டும் இன்னும் துண்டுக்குள் அவர் கையில் இருந்தது. அவளும் எடுக்கவில்லை, அவரும் விடவில்லை.

பாய்க்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். தேங்காய்க் குவியலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது விநாடிகூட ஆகியிருக்காது. எதிரே ஒரு பெண் கண்ணை மூடி, முகத்தைத் திருப்பி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஐம்பது வருஷமாகச் சந்தையில் திரிகிற மனிதருக்கு அந்த முகம் எதைச் சொல்லும்? கேவலமான விலையைக் கேட்ட வியாபாரி அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

துண்டு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். பாய் மூன்று விரலைப் பிடித்திருந்தார்.

பவுன் அசையவில்லை. அவள் அப்போது எண்ணிக்கொண்டிருந்தாள், அறுபது வரை. மூன்று விரலைக் கை உணர்ந்ததாம். புத்தி எண்ணிக்கையில் இருந்ததாம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. பாய் கனைத்தார். காலை மாற்றிப் போட்டார். துண்டு மறுபடி அசைந்தது. மூன்றரை.

"அறுபது" என்றாள் பவுன். அதுதான் அன்றைக்கு அவள் ஒரே மூச்சில் சொன்ன முதல் வார்த்தை.

இரண்டாவது இழுப்பை இழுத்தாள். இந்தத் தடவை பத்து வரை பிடித்தாள். பாய் தன் வலது கையைப் பார்த்தார். அது தன்னுடைய கைதானா என்று பார்ப்பவர் போல. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சாய் சொல்லப் போனேன்.

சாய் வந்து ஆறுவதற்குள் தோள் இறங்கிவிட்டது. உதட்டில் நிறம் வந்தது. பூனை எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. இத்தனூண்டு டப்பா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. நாலு ஆள் சேர்ந்து தூக்க முடியாத பாரத்தைப் பத்து நிமிஷத்தில் ஒரு நெஞ்சிலிருந்து இறக்கி வைத்துவிட்டது. ஒரு வாய் சாய் குடித்துவிட்டுப் பவுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"பாய், ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும்."

"கேளுங்க."

"மூணரை குடுத்தீங்களே. நான் மூச்சு முட்டிக் கெடந்ததைப் பாத்து எரக்கப்பட்டா குடுத்தீங்க?"

"எரக்கமா? எனக்கா?"

"எரக்கப்பட்டிருந்தா எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம். அது யாவாரம் இல்ல. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னது வேற."

நான் குறுக்கே போனேன். "பவுனு, வந்த லட்சுமியை ஏன் வெரட்டுதே?"

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. இன்னைக்கு இவரு பாவம்னு குடுத்தாருன்னு வைங்க. நாளைக்கு எல்லாரும் பாவம்னு பேச வருவான். பெறகு நான் தேங்கா விக்கல, நோய விக்கேன்."

பாய் தாடியைச் சொறிந்தார்.

"இந்தா பாருங்க, பவுனம்மா. எங்க வாப்பாகிட்டயே நான் அரை ரூவா விட்டுக் குடுத்தது இல்ல. இன்ஹேலர் குடுத்தது வேற. அது ரோட்டுல விழுந்தவன் யாரா இருந்தாலும் குடுப்பேன். மூணரை... அது..." வெட்கப்பட்டார். "நீங்க மொகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. சும்மா இருந்தீங்க. என்னால சும்மா இருக்க முடியல. கை தானா போயிருச்சு."

பவுன் அவரையே பார்த்தாள். நம்பலாமா, வேண்டாமா. தேங்காயாக இருந்தால் குலுக்கிப் பார்க்கலாம். இன்றைக்குக் காதின்மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. வேறு வழி தேடினாள் போலிருக்கிறது, ஒரு மிடறு சாய் குடித்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"சரி. அப்பம் இறக்குகூலியும் உங்களதுதான்?"

இறக்குகூலி எந்த ஊரிலும் விற்பவன் தலையில்தான். வாங்குபவனிடம் அதைக் கேட்பது, கலியாணத்துக்கு வந்தவனிடம் தாலிக்குப் பணம் கேட்பது மாதிரி. இரக்கப்பட்ட மனிதன் என்றால் அந்த நிமிஷம் "சரி, போகட்டும்" என்று சொல்லியிருப்பான்.

பாய் சாய் கிளாசை ணங்கென்று வைத்தார். "என்னது? இறக்குகூலியா? பவுனம்மா, மூச்சு வந்ததும் வராததுமா என் மூச்ச நிறுத்தப் பாக்கீங்களா? பன்னெண்டாயிரம் காய்க்கு இறக்குகூலி நான் குடுக்கணுமா? புனேல இல்ல, பூமியில எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க நியாயத்த. ஒரு பைசா குடுக்க மாட்டேன். வேணும்னா துண்ட எடுங்க, நான் வாஷிக்காரன்கிட்டப் போறேன்."

அவர் கத்தக் கத்தப் பவுனின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்குகிற ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

"பாதி குடுங்க" என்றாள்.

"பாதியும் கெடையாது, காலும் கெடையாது. அதோட இன்னொண்ணு. இன்னைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்டப் போகணும். பத்து நாளா இப்பிடி இருக்குன்னா நீலம் மட்டும் பத்தாது. தெனமும் இழுக்கிறது ஒண்ணு குடுத்திருப்பாங்களே, அது எங்க?"

பவுன் என்னைப் பார்த்தாள். நான் பரணைப் பார்த்தேன்.

"நெனச்சேன்" என்றார் பாய். "அந்தத் தப்பையும் நான் பண்ணியாச்சு."

"இன்னைக்கு லோடு வருது பாய். நாளைக்குப் போறேன்."

"இன்னைக்கு."

"நாளைக்குக் காலைல. மொத ஆளா."

"இன்னைக்கு. டாக்டர் சீட்டைப் பாத்துத்தான் அட்வான்ஸ்."

என் போன் அடித்தது. சுப்பையா. என்னுடைய ஆறு தவறிய அழைப்புகளைப் பார்த்து அலறியடித்துக் கூப்பிடுகிறார். பவுனே வாங்கிப் பேசினாள். "மூணரை" என்றாள் எடுத்த எடுப்பில். அந்தப் பக்கம் விலையைக் கேட்கவில்லை போலும். "இருக்கு, இருக்கு, இப்ப நல்லா இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "சாயங்காலம் ஔந்துக்குப் போகணும். நீங்களும் வாங்க" என்றாள். அப்புறம் சிரித்தாள். "சாவியா? அது என் இடுப்புலதான் இருக்கு."

போனை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். பாயின் இன்ஹேலரை நன்றாகத் துடைத்து மூடி போட்டாள். அதைச் சாக்குக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை. மேஜைமேல் தராசுக்குப் பக்கத்தில், வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். பிறகு பாய் பக்கம் திரும்பிப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

"சரி, டாக்டர்கிட்ட இன்னைக்கே போறேன். நீங்க சொன்னதுக்கு நான் எறங்கி வந்துட்டேன். இப்ப இறக்குகூலிக்கு வருவோம்."

"அல்லாவே" என்றார் இஸ்மாயில் பாய்.

பதினொன்றரைக்குத் தேங்காய் லோடோடு லாரி வந்தது. சந்துக்குள் பின்பக்கமாக வந்து நின்று, தார்ப்பாயிலிருந்து மழைத் தண்ணீர் வழிய, டிரைவர் இறங்கி வந்து எந்தப் பக்கம் நிறுத்த என்று கேட்டான். யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பவுன் இந்தியில் ஏறி மராத்திக்குப் போய்க்கொண்டிருந்தாள்.